வேறொரு வண்டியின் எஞ்சின்

ஒரு காரை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்பதை எஞ்சினை மாற்றுவதற்கு முன்பே யோசித்து முடிவு செய்வதுதான் உலக வழக்கம். நாங்கள் எஞ்சினை மாற்றிவிட்டு அதற்குப் பிறகு யோசித்தோம்.

அந்தக் கார் எங்களிடம் வந்தபோதே வேறொருவரிடம் ஓடி முடித்திருந்தது. சிதம்பரத்தில் பல் மருத்துவர் ஒருவர் பெரிய வண்டிக்கு மாறியபோது இந்தச் சிறிய வெள்ளைக் காரை எங்களுக்குக் கொடுத்தார். அண்ணாமலை நகரில் நூலகப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்றிருந்த சமயம் அது. ஓட்டக் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். என் கணவருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லுவார். நன்றாகத் தெரிந்த வழிக்கும் சொல்லுவார். ஆகவே ஓட்டுகிறவள் நான் ஒருத்தி மட்டுமே.

காரை வாங்கியது என் அக்காவுக்காக. கடலூர் முதுநகரில் எங்கள் பெற்றோரின் வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். திருமணம் செய்துகொள்ளவில்லை. கத்தோலிக்கப் பங்குப் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தபடி, முதலில் அப்பாவையும் பிறகு அம்மாவையும் படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பினாள். அந்த வருடங்களில் நான் சிதம்பரத்தில் குடும்பம், வேலை, பிள்ளைகள் என்று இருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அம்மா போன மறுவருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. கை ஏறக்குறையத் திரும்பியது. இடது கால் மட்டும் திரும்பவில்லை.

கோயில் அவள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஆட்டோவில் போகலாம். ஆனால் ஆட்டோவில் அவளை ஏற்ற இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும். தெருவில் நாலு பேர் பார்க்கத் தன்னைத் தூக்குவதை அவள் ஒரே ஒரு முறை பொறுத்துக்கொண்டாள். அதன் பிறகு வீட்டிலேயே ஜெபமாலை சொல்லத் தொடங்கிவிட்டாள். கார் வந்ததும் அந்தச் சங்கடம் தீர்ந்தது. முன்கதவை முழுதாகத் திறந்து வைப்பேன். அவள் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தானாக இருக்கையில் உட்காருவாள். வலது காலைத் தானே உள்ளே எடுத்துக்கொள்வாள். நான் குனிந்து அவளுடைய இடது கணுக்காலை ஒரு கையாலும் கெண்டைக்காலை ஒரு கையாலும் தாங்கி எடுத்து உள்ளே வைப்பேன். செருப்பு கழன்றிருந்தால் மாட்டிவிடுவேன். அவள் அப்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். இப்படி ஓர் ஏற்பாடு எங்களுக்குள் பேசாமலே உருவாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் நான் சிதம்பரத்திலிருந்து கிளம்பிப் போவேன். பூசை, பிறகு கல்லறையில் அப்பா அம்மாவுக்கு மெழுகுவர்த்தி, வீட்டில் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் கெடிலம் பாலத்தைத் தாண்டி சில்வர் பீச். மணலில் அவளால் நடக்க முடியாது. கடல் தெரிகிற மாதிரி வண்டியை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கிவிடுவேன். சுண்டல் வாங்கிச் சாப்பிட்டபடி, போகிற வருகிறவர்களைப் பற்றி அக்கா ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வீட்டுக்கு வெளியே.

ஐப்பசி தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு. அக்காவை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். இருட்டத் தொடங்கும் நேரம். புதுச்சத்திரத்தைத் தாண்டியதும் எஞ்சின் மேலுள்ள முன்மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது. தூறல் விழுந்த சாலையிலிருந்து எழும் ஆவி என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டினேன். பிறகு இரும்பு இரும்பைக் கடிப்பது போன்ற ஒரு சத்தம் கேட்டது, வண்டி நின்றுவிட்டது. ஒரு டீக்கடையின் எதிரில் நின்றது என் அதிர்ஷ்டம். கடைக்காரர் முன்மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தண்ணீர் முழுக்க வற்றியிருக்கிறது, இனிச் சாவியைத் திருகாதீர்கள் என்று சொன்னார். கணவர் மெக்கானிக்கை அனுப்பி, அவர் வந்து கயிறு கட்டி இழுத்துப் போகும்வரை அந்தக் கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மெக்கானிக் பரங்கிப்பேட்டைக்காரர். சிதம்பரம் புறவழிச்சாலையில் பட்டறை வைத்திருக்கிறார். மறுநாள் எஞ்சினை இறக்கிப் பார்த்துவிட்டு, அது சூட்டில் இறுகி சீஸ் ஆகிவிட்டது, பிளாக்கே விரிசல் விட்டிருக்கிறது, பழைய எஞ்சினைச் சரிசெய்வதில் பயனில்லை என்றார். கம்பெனியில் புது எஞ்சின் வரவழைக்கலாம்; அது இந்தக் கார் தாங்காத செலவு. அல்லது அடிபட்டு உடைப்புக்கு வந்த வண்டியிலிருந்து நல்ல எஞ்சின் கிடைத்தால் எடுத்துப் போடலாம். என் கணவர் அதையே தேடச் சொன்னார். எஞ்சின் கிடைப்பதற்கும், வந்து சேர்வதற்கும், மழைக்கு இடையில் அதைப் பொருத்துவதற்குமாகக் கார்த்திகை பாதி கடந்துவிட்டது.

அந்த ஞாயிறுகளைப் பற்றி நான் எழுதியாக வேண்டும்.

முதல் வாரம் பேருந்தில் போனேன். அக்காவால் எங்கும் வர முடியவில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு, பேருந்தில் நின்றபடியே திரும்பி வந்தேன். உனக்கு முட்டி வலி, மழை வேறு, வண்டி வரட்டும் அதுவரை வராதே என்று அக்காவே சொன்னாள். அடுத்த வாரம் போகவில்லை. காலையில் எழுந்தேன். காபி போட்டேன். கோடையிலிருந்து பாதியில் நின்றிருந்த ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் உட்கார்ந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மதியமாகியிருந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரு முழுக் காலையை யாருக்கும் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளூர்க் கோயிலில் மாலைப் பூசைக்குப் போய்வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். வெகுநேரம் பேசினோம். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வண்டி எப்போது தயாராகும் என்று பட்டறைக்குப் போன் செய்துகொண்டிருந்த நான், எப்போதோ அதை நிறுத்திவிட்டிருந்தேன். என் கணவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டி வந்தது. எஞ்சின் மாறினால் அது புது வண்டிதான், மந்திரிக்காமல் அதில் ஏறக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வெளியே வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். முன்மூடியைத் திறக்கச் சொல்லி எஞ்சின் மேலேயே தெளிக்க வேண்டும் என்று அக்கா ஊன்றுகோலை நீட்டிக் காட்டினாள். சாமியார் சிரித்துக்கொண்டே அப்படியே செய்தார். நான் வண்டியைக் கிளப்பியதும் அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"குரல் மாறியிருக்குடி. முன்னாடி இருந்தது இருமிக்கிட்டே இருக்கும். இது நல்லா தெளிவா பேசுது."

அந்தத் தெளிவான குரல் எங்கிருந்து வந்தது என்பது சில வாரங்கள் கழித்துத் தெரிந்தது. எண்ணெய் மாற்றுவதற்காகப் பட்டறைக்குப் போயிருந்தேன். எஞ்சின் நன்றாக இருக்கிறதே, எந்த ஊர் வண்டியிலிருந்து எடுத்தது என்று பேச்சுவாக்கில்தான் கேட்டேன்.

"கிழக்குக் கடற்கரை ரோட்ல அடிபட்ட வண்டிம்மா. லாரி பின்னாலேருந்து ஏத்திட்டான். முன்பக்கம் ஒரு கீறல் கெடையாது. ஜாஸ்தி ஓடாத வண்டி வேற. அதான் இவ்ளோ சுத்தமா கெடைச்சுது."

உள்ளே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் ஒரு கந்தல் துணியை எடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"பின்னாடி உக்காந்திருந்தவங்க ஒருத்தர் தவறிட்டாங்கன்னு சொன்னாங்க. அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கம்மா. எஞ்சின் என்ன பண்ணும், பாவம்."

ஆணா பெண்ணா, என்ன வயது என்று கேட்கத் தோன்றியது. அவருக்கும் தெரிந்திருக்காது. பணம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அந்த மனிதரின் நினைவு வந்தது. ஏதோ ஓர் ஊருக்குப் போவதற்காக ஒருவர் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். ஒருவேளை தூங்கிக்கொண்டிருந்திருப்பார். அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய எஞ்சின் எங்களை முதுநகருக்கும் கடற்கரைக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு வந்தது எஞ்சின் மட்டும். அந்தப் பின்னிருக்கை எந்தக் குப்பைக்குப் போயிற்றோ தெரியாது. இருந்தும், பின்புறம் பார்க்கும் கண்ணாடியில் எங்கள் காரின் காலி இருக்கை தெரியும்போதெல்லாம் உடனே பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டேன். இந்தக் கூச்சம் பொய்யில்லை. இதை இங்கே சொல்லிவைப்பது அவசியம், ஏனென்றால் அடுத்து நான் செய்ததற்கு இந்தக் கூச்சத்தைத்தான் பயன்படுத்தினேன்.

அந்த மார்கழியில் கிளட்ச் வேலை வைத்தது. பிறகு டயர். என் கணவர் சாப்பிடும்போது நிதானமாகச் சொன்னார்: எஞ்சின் புதிதாக இருக்கிறது, மற்றதெல்லாம் கிழமாக இருக்கிறது, இனி ஒவ்வொன்றாகக் கேட்கும், நல்ல விலை வரும்போதே கொடுத்துவிடலாம். எஞ்சின் மாற்றிய விவரத்தை மறைக்காமல் சொல்லியே விற்கலாம் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. நானும் அந்தப் பின்னிருக்கைக்காரரைப் பற்றி அவரிடம் சொன்னேன். வண்டியில் ஏறவே மனம் கூசுகிறது என்றேன்.

"அப்படிப் பாத்தா பஸ்லயும் ஏற முடியாது," என்றார். "நடந்து போலாம்னா, அந்த ரோட்லயும் யாராச்சும் ஒருத்தர் செத்திருப்பாங்க. நாம இங்கயே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அது சரி. உங்க அக்காகிட்ட யாரு சொல்றது?"

நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அது எனக்கே வியப்பாக இருந்தது. இறந்துபோன ஒருவரின் வண்டி எஞ்சின் என்று தெரிந்தால் அவளே ஏற மாட்டாள் என்றேன். அக்கா அப்படிப்பட்டவள். கல்லறையைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு இறந்தவர்களுக்கான ஜெபத்தைச் சொல்வாள். சாலையில் விபத்து நடந்த இடத்தில் யாராவது பூ வைத்திருந்தால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். அவளுடைய பக்தியும் பயமும் எனக்கு நன்றாகத் தெரியும். அவற்றைக் கொண்டே காரியத்தை முடித்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

என் கணவர் என்னைப் பார்த்துவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

மெக்கானிக்கே ஆள் கொண்டுவந்தார். வடலூரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒருவர். எஞ்சின் கதையைக் கேட்டும் அவருக்கு ஆட்சேபணை இல்லை. திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் அக்காவிடம் சொல்லியாக வேண்டும்.

பூசையில் எனக்குக் கவனமில்லை. கல்லறையில் சொல்லலாம் என்று நினைத்தேன். அம்மாவின் பெயர் பொறித்த கல்லுக்கு முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன். சாப்பாட்டின்போது அக்கா சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். மேல்வீட்டில் குடியிருக்கும் பெண்ணிடம் சொல்லி மீன் வாங்கி, உட்கார்ந்தபடியே கழுவி, எனக்காக வைத்தது. அப்போதும் சொல்லவில்லை. மாலையில் கடற்கரையில் வண்டியை நிறுத்தினோம். மழைக்காலக் கடல் கலங்கலாக இருந்தது. ஒரு கல்லூரிப் பையன் தன் காதலியைப் படமெடுப்பதற்காகப் பின்னால் நகர்ந்து நகர்ந்து அலையில் விழப் போனான். அக்கா சிரித்து, படம் வருதோ இல்லியோ இன்னைக்குக் குளிச்சுட்டுதான் போவான் என்றாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, பின்னிருக்கை, தவறிப்போனவர். அதன் பிறகுதான், ஆகவே வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறோம் என்பதைச் சேர்த்தேன். அடிக்கடி பேருந்தில் வருவேன், உனக்குத் தெரிந்த ஆட்டோ ஒன்றை நிரந்தரமாகப் பேசிவிடலாம் என்றும் சொன்னேன். மிகவும் மென்மையான குரலில்தான் சொன்னேன்.

அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். உதடுகள் சிறிது நேரம் அசைந்தன. இறந்தவருக்கான ஜெபம் அது. என் கணக்கு சரியாகத்தான் போகிறது என்று அந்தக் கணத்தில் நினைத்தேன். ஜெபம் முடிந்ததும் அவள் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"சரி, அதனால என்ன?"

"என்னக்கா இப்படிக் கேக்குற. ஒரு உயிரு போன வண்டி."

"அம்மா செத்த கட்டில்லதான் நான் படுக்குறேன். அப்பா செத்த ரூம்லதான் தையல் மிஷின் கெடக்குது. அதையெல்லாம் வித்துப்புடுன்னு நீ ஒரு நாளும் சொல்லலியே."

நான் கடலைப் பார்த்தேன். அவளும் கடலைப் பார்த்தபடியேதான் அடுத்ததைச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"வண்டி இல்லாத அந்த ஞாயித்துக்கெழமைல நீ போன்ல எவ்ளோ கலகலன்னு பேசின தெரியுமா? ஒரு வருஷமா அப்படி நீ பேசிக் கேக்கல. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. அலுத்துப்போச்சுன்னா அலுத்துப்போச்சுன்னு சொல்லுடி. அந்தச் செத்தவங்க தலைல ஏன் போடுற? பாவம், அவுங்க என்ன பண்ணாங்க."

"அப்படியெல்லாம் இல்லக்கா," என்றேன்.

"இல்லன்னா இல்ல. இந்தா, சுண்டல் ஆறுது."

கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அன்று தேங்காய்த் துருவல் அதிகமாகப் போட்டிருந்தார்கள் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. மாங்காய் விற்றுக்கொண்டு வந்த பெண்ணை அக்கா கூப்பிட்டுப் பேரம் பேசினாள். வண்டியைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் என்னை மன்னித்தாளா என்று சொல்ல முடியாது. மன்னிக்கும்படி எதுவும் நடந்ததாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் வழியில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. முகம் தெரியாத ஒருவரின் மரணத்தை எடுத்து, என் சோம்பலான ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மேல் போர்த்தி, அதை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்து அழுகிய மாதங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவளுக்கு என்று கிடைத்திருக்காது. அவள் எனக்கு எந்தக் காரணமும் சொன்னதில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது எஞ்சின் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் வண்டியைக் கொடுக்கப் போவதில்லை என்று கணவரிடம் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. வடலூர்க்காரருக்கு அவரே போன் செய்து, வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வருத்தம் தெரிவித்தார். வண்டியை வைத்துக்கொள்வதென்றால் ஒழுங்காக வைத்துக்கொள்வோம் என்று, மற்ற வேலைகளையும் பார்த்துவிடும்படி மெக்கானிக்கிடம் சொன்னார். வண்டிக்கு உங்களைப் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது என்றாராம் மெக்கானிக்.

அதற்கு அடுத்த ஞாயிறு, பூசை தொடங்குவதற்கு முன் கருத்துகளை வாசித்தார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். அன்றைய பூசை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று பெயர்களைச் சொல்வார்கள்: நினைவு நாள் வருகிறவர்கள், நோயில் கிடப்பவர்கள், தேர்வு எழுதப் போகிறவர்கள். அந்த வரிசையின் கடைசியில், பயணத்தில் இறந்த ஒருவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வந்தது. பெயர் இல்லை. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள்.

பூசைக்குப் பின், கருத்துகளை எழுதிக்கொள்ளும் உபதேசியார் எங்களிடம் வந்து, பெயர் இல்லாமல் கருத்து எழுதுவது இதுதான் முதல் தடவை, சாமியாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன் என்று அக்காவிடம் சொல்லிப் போனார். அவள் என்னிடம் இவ்வளவுதான் சொன்னாள்: "அவுங்க எஞ்சின் இத்தன வாரமா நம்மளத் தூக்கிக்கிட்டு அலையுது. ஒரு பூசை வச்சா என்ன கொறஞ்சுடும்."

இது இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தை பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை அக்கா போன் செய்தாள். கால் வீங்கியிருக்கிறது, நாளைக்கு வர வேண்டாம் என்றாள். மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டேன். நீர் கோத்துக்கொண்டதுதான், தூக்கி வைத்துப் படுத்தால் சரியாகிவிடும், அடுத்த வாரம் வா என்றாள். நான் போகவில்லை. அந்தத் தடித்த புத்தகத்தின் மிச்சத்தைப் படித்தேன். அடுத்த வாரம் போனபோது அவள் நன்றாகத்தான் இருந்தாள். மாசியில் மறுபடியும் அதே போன், அதே வீக்கம். பங்குனியில் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் நான் அக்கறையோடு விசாரித்தேன். ஒவ்வொரு முறையும் போனை வைத்ததும் உடம்பு லேசாவதை உணர்ந்தேன். வீக்கம் உண்மைதானா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமல் இருப்பதற்கு ஒரு முயற்சி தேவைப்பட்டது; அந்த முயற்சியை நான் செய்தேன்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை மாலை அப்படி ஒரு போன் வந்தது. சரிக்கா, காலைத் தூக்கி வைத்துப் படு என்று சொல்லிவிட்டு வைத்தேன். மறுநாள் காலை காபியோடு பின்வாசலில் உட்கார்ந்தேன். புத்தகம் மடியில் இருந்தது. ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், வண்டிச் சாவி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

முதுநகர் போய்ச் சேர்ந்தபோது பூசைக்கு இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருக்கவில்லை. முன்னறையில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சேலை கட்டியிருந்தாள், அரக்குக் கரை போட்டது. தலை பின்னி முடித்திருந்தது. ஜெபமாலை கையில் இருந்தது. தொலைக்காட்சியில் எங்கோ தொலைவிலுள்ள பெரிய கோயில் ஒன்றின் பூசை ஒலியைக் குறைத்து ஓடிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிப் பூசைக்கும் அவள் இப்படித்தான் உடுத்திக்கொள்வாளா, அல்லது ஒவ்வொரு முறையும் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு இப்படி உட்கார்ந்திருந்தாளா என்பது எனக்குத் தெரியாது.

"வராதன்னு சொன்னேனேடி," என்றாள்.

கார் சாவி என் கையில் இருந்தது. வழியெல்லாம் ஏதேதோ சொல்ல நினைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"வண்டிய சும்மா நிறுத்தி வச்சா பேட்டரி எறங்கிடும்னு மெக்கானிக் சொன்னாருக்கா. எங்கயாவது ஓட்டணுமாம்."

அக்கா என் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தாள்.

"அப்படின்னா சரி. பேட்டரி எறங்கிட்டா கஷ்டந்தான்."

ஊன்றுகோலை எடுத்துக்கொடுத்தேன். வாசல் வரை அவள் நடந்து வந்தாள். முன்கதவை முழுதாகத் திறந்து வைத்தேன். அவள் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கதவின் விளிம்பைப் பிடித்துத் தானாக உட்கார்ந்தாள். வலது காலை எடுத்துக்கொண்டாள். நான் குனிந்து அவளுடைய இடது கணுக்காலைக் கையில் ஏந்தினேன். அது எப்போதும் போல மெலிந்து, எலும்பு தெரிய, குளிர்ந்து இருந்தது. வீக்கம் எதுவும் இல்லை.

அவள் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காலை உள்ளே வைத்து, செருப்பை மாட்டிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினேன்.